பொறுமை பால்ராஜின் சாட்சிகள்

எங்கள் சபையின் வெள்ளி விழா மலரில் பால்ராஜ் அண்ணனைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருக்கிறார்கள். கோட்டுப் போட்ட புகைப்படம் ஒன்று, அந்தக் கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. கீழே ‘பொறுமையின் சிகரம், ஜெபவீரர், சபையின் தூண்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அவர் பிறந்த ஊர், வேலைக்குச் சேர்ந்த வருடம், ஞானஸ்நானம் எடுத்த வருடம் எல்லாம் இருக்கின்றன. மனைவி வனஜா மட்டும் இல்லை. மனிதர் இவ்வளவு பொறுமையாக இருந்தார் என்றால் யாரைப் பொறுத்தார், அப்படிப் பொறுக்கும்படி அந்த ஆள் என்ன செய்தார் என்று மலர்க் குழுவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் பல வருடம் குடியிருந்தவள் நான். ஐந்தாம் வகுப்புக்கு ஆயுள் முழுக்கக் கட்டுரை திருத்தியவளும்கூட. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர்கள் இருந்தார்கள், சேலத்துக்காரர்கள் இருந்தார்கள், நாங்கள் ஆற்காட்டுப் பக்கம். உள்ளூர்க்காரர் என்று சொல்லப் பால்ராஜ் அண்ணன் ஒருவர்தான், சொந்த ஊர் பட்டாபிராம். மெஷின் ஷாப்பில் வேலை. வெளியூரிலிருந்து வந்த நாங்கள் மெட்ராஸ் தமிழ் கற்றுக்கொண்டது அவர் வாயிலிருந்துதான். ஏனென்றால் அவர் தினமும் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார், அதுவும் தெருமுனை வரை கேட்கும்படி.

அவர் கோபம் பால் பொங்குவது போல வரும், அதே வேகத்தில் அடங்கும். ஒருமுறை அவர் வீசிய தட்டு ஜன்னல் வழியாகப் பறந்து எங்கள் முருங்கைக் கிளையில் தொங்கியது. அரை மணி நேரம் கழித்து அதை எடுத்துப்போக அவரே வந்தார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வனஜாவுக்குச் சமோசா வாங்கிவந்தார். கோபம் பெரிதாயிருந்தால் சமோசாவோடு மல்லிகைப்பூவும் வரும். சமோசாவில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் அவர் கோபத்தில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை.

வனஜா பூந்தமல்லிக்காரி. அவள் அப்பா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிறவர். அவரிடம் அவள் கற்றது எழுத்தல்ல, அடுப்பு. ஒரே மகளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். இரண்டு பேருக்குச் சமைப்பதை அவள் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. அவளுக்கு வேலை என்பது வருடத்தில் ஒரு நாள். கோவில்பதாகையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் சபையின் ஆண்டு விழா அன்று அன்பின் விருந்து நடக்கும். அதற்குப் பிரியாணி அவள் கையால். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய தேக்சாவுக்கு முன்னால் நின்றால் வனஜா வேறு ஆள். வாசனை பிடித்து உள்ளே வந்த பாஸ்டர் ஆனந்தனையே, “தள்ளி நில்லுங்க பாஸ்டர், தம் போட்டுக்கினு இருக்கேன்” என்று விரட்டியவள். மற்ற நாட்களில் அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை வாங்க நாம் நாற்பது வார்த்தை பேசவேண்டும்.

எண்பத்தாறாம் வருடம் ஆவடியில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் கடைசி நாளில், ஒவ்வொருவரும் ஒரு பாவத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார். சிலர் சிகரெட்டை விட்டார்கள், சிலர் சினிமாவை விட்டார்கள். பால்ராஜ் அண்ணன் எழுந்து கோபத்தை விட்டார். சிகரெட்டை விட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறியலாம். கோபத்தை எப்படி எறிவது என்று பிரசங்கியார் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ரயிலேறிப் போய்விட்டார்.

பொறுமையைக் கேட்டு மட்டும் ஜெபிக்காதே, ஆண்டவர் பொறுமையைத் தரமாட்டார், பொறுக்கவேண்டியதைத் தருவார் என்று எங்கள் சபைகளில் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பால்ராஜ் அண்ணனுக்கு அதை யாரும் சொல்லவில்லையோ, சொல்லியும் அவர் கேட்கவில்லையோ, அவர் முழங்காலில் நின்று கேட்டது பொறுமையைத்தான்.

முதல் ஆறு மாதம் நிஜம். இதை நான் அடித்துச் சொல்வேன். கோபம் வரும்போதெல்லாம் பேசாமல் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குப் போய்விடுவார். தண்ணீர் அடிப்பார், கொண்டுவந்து கொட்டுவார், மறுபடி போவார். அவர் வீட்டுத் தொட்டி நிறைந்தால் எங்கள் வீட்டுக் குடம், அது நிறைந்தால் சேலத்துக்காரர் வீட்டு அண்டா. தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் எங்கள் வரிசை முழுக்க அவர் கோபத்தைக் குடித்துத்தான் பிழைத்தது. ஒருநாள் மத்தியானம் பம்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், கண்ணில் நீர் வழிய அவர் நின்றதைப் பார்த்தேன்.  ஒரு மனிதன் தன்னோடு தானே மல்லுக்கட்டுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் என்னைக் கவனிக்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மாறியதைச் சபையில் சொன்னது பாஸ்டர். எங்கள் சபையில் ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் அந்த வாரம் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பால்ராஜ் பிரதர் மாறிவிட்டாரே, அவரே வாயால் சொல்லட்டும் என்று பாஸ்டர் கூப்பிட்டார். அண்ணன் நடுங்கிக்கொண்டே எழுந்தார். யாரோ செய்த தப்புக்கு ஃபோர்மேன் தன்னை எல்லார் முன்னாலும் ஏசியதையும், தான் பதில் பேசாமல் வந்து தண்ணீர் அடித்ததையும் சொன்னார். கூரை அதிரும்படி சபை ‘ஸ்தோத்திரம்’ என்றது. உட்காரும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், முதல் சம்பளம் வாங்கிய பையனின் முகம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே எழுந்தார்.

சில வாரம் தொழிற்சாலையிலேயே ஓடியது. சபையில் ஃபோர்மேனின் மைத்துனர் ஒருவர் இருந்தார், நல்ல ஞாபகசக்திக்காரர். ஒரு திங்கட்கிழமை ஃபோர்மேன் கூப்பிட்டு, “இன்னா பால்ராஜு, கோயில்ல என் மானத்த ஏலம் உட்டுக்கினு கீறியாமே” என்று கேட்டாராம். அதோடு தொழிற்சாலைக் கதை நின்றது. ஆனால் சாட்சி நிற்கவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் தேவைப்பட்டது. மைத்துனர் இல்லாத இடம் வீடுதான்.

வீட்டில் ‘இன்னாடி இது’ என்கிற மனிதர் சபையில் எழுந்தால் ‘அடியேன்’ ஆகிவிடுவார். “போன வியாழக்கிழமை அடியேனுடைய இல்லத்திலே குழம்பில் உப்பு பெருக்கெடுத்தது. ஆனாலும் அடியேன் வாய் திறவாதபடி கர்த்தர் காத்துக்கொண்டார்” என்றார். சபை சிரித்தது, ஸ்தோத்திரமும் சொன்னது. பெண்கள் பக்கம் பாயில் என் அருகே இருந்த வனஜாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஒரு தடவை வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறாள், பாவம்.

அடுத்த வாரம் சாதம் குழைந்தது. அதற்கடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டி யூனிஃபார்ம் சட்டையைச் சுட்டது. பால் வழிந்தது, சாவி தொலைந்தது, சட்டைப் பொத்தான் இல்லாமல் போனது. ஒவ்வொன்றையும் பொறுக்கும்படி அடியேனுக்குக் கிருபை அருளப்பட்டது. எந்த வீட்டில்தான் பால் வழியவில்லை? எங்கள் வீட்டில் வழிந்தால் துடைத்துப் போடுவேன், அதோடு முடிந்தது. வனஜா வீட்டில் வழிந்தால் ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேருக்குத் தெரியும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். வனஜா உடைத்தால் அது சாட்சி.

சாட்சி வந்ததும் அடிபம்பு போய்விட்டது. இப்போது அண்ணனுக்குப் பொறுமை வீட்டுக்குள்ளேயே வந்தது. சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தால் கண்ணை மூடுவார், வலது கையை நெஞ்சில் வைப்பார், மெல்லிய குரலில் ‘ஸ்தோத்திரம்’ என்பார், பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துப் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையை நான் ஒரே ஒருமுறை நேரில் பார்த்தேன், எனக்கே கையில் கிடைத்ததை எடுத்து வீசலாம் போலிருந்தது. கோபம் இல்லாததால் சமாதானம் செய்யவேண்டிய அவசியமும் இல்லை. சமோசா நின்றது. பூவும் நின்றது, பெண்கள் பூ வைப்பது எங்கள் சபையில் ஆகாது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் சாயங்காலம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வனஜா திடீரென்று என்னிடம் சொன்னாள்: “முன்ன மாதிரி நாலு வார்த்த திட்டிட்டாக்கூடத் தேவல டீச்சர். அப்ப நான் பொண்டாட்டியா இருந்தேன். இப்ப அவருக்கு நான் பரீட்ச.”

 அண்ணனை வழியில் நிறுத்திக் கேட்டேவிட்டேன். வீட்டுக் குறையை அம்பலத்தில் சொல்வதற்குப் பெயர் சாட்சியா, குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று கேள்விப்பட்டதில்லையா என்று என் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கண்ணை மூடினார். கையை நெஞ்சில் வைத்தார்.  அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சியில், அண்டை வீட்டார் மூலமாகவும் அடியேன் சோதிக்கப்பட்டேன் என்று நானும் இடம்பெற்றேன். சபை எனக்காக உருக்கமாக ஜெபித்தது.

இப்படியே ஏழு வருடம். அவருக்குப் ‘பொறுமை பால்ராஜ்’ என்று பெயர் வந்தது. புதிதாகக் கல்யாணமான பையன்களைப் புத்தி சொல்ல அவரிடம் அனுப்பினார்கள். வனஜாவுக்கு என்ன வந்தது என்றால், யோசனைகள் வந்தன. குழம்பில் உப்பு அதிகமானால் உருளைக்கிழங்கு வெட்டிப் போடு என்று கல்யாணமாகி ஆறே மாதமான ஒரு பெண் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முந்நூறு பேருக்குத் தேக்சாவில் உலை வைத்தவளுக்கு! வனஜா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஆண்டு விழாவுக்கு இரண்டு மாதம் முன்னதாகக் கமிட்டி கூடியது. வேலூரிலிருந்து பெரிய பாஸ்டர் ஒருவர் வருகிறார், அவர் முன்னால் பால்ராஜ் பிரதர் பொறுமையைப் பற்றி விசேஷ சாட்சி சொல்லவேண்டும் என்று முடிவானது. கூடவே இன்னொரு முடிவும் ஆனது. அதை மாதர் ஐக்கியத் தலைவி லோகநாயகி அம்மாள் ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் வனஜாவிடம் சொன்னார். பெரியவர்கள் வருகிற இடம், உப்பு காரம் முன்னே பின்னே ஆனால் சபைக்குத்தான் கெட்ட பெயர், ஆகவே இந்த வருடம் பிரியாணியைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், சிஸ்டர் வெங்காயம் உரிக்கும் பக்கம் இருந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்றும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். இந்தக் கொடுமையெல்லாம் நல்ல மனதோடுதான் நடக்கும்.

வனஜா  ஆவடி மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி நடக்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது. வீட்டு வாசலில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. இனி அவர் பொறுக்கும்படி ஒன்றும் அந்த வீட்டில் நடக்காது என்றாள்.

அவள் சொன்னதைச் செய்தாள். அந்த இரண்டு மாதம் அந்த வீட்டில் கரண்டி விழவில்லை. பால் வழியவில்லை. காப்பி அவர் நாக்கு கேட்கும் சூட்டில், கேட்கும் நேரத்துக்கு ஒரு நொடி முன்னால் வந்து நின்றது. சட்டைகளுக்குப் பொத்தான் மட்டுமல்ல, அவசரத்துக்கு உள்ளே ஓர் உபரிப் பொத்தானும் தைத்திருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. வனஜா சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அதுவும் ஒரு குறையாகிவிடும் அல்லவா. சிரித்த முகமாக நடமாடினாள்.

முதல் வாரம் அண்ணன் சாட்சிக்கு எழுந்து, அம்பத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தராமல் ஏசியதைப் பொறுத்ததாகச் சொன்னார். ஸ்தோத்திரம் வந்தது, கொஞ்சம் மெலிந்து வந்தது. அடுத்த வாரம் கொசு. ஆவடிக் கொசுவைப் பொறுக்காதவர் அந்தச் சபையில் யார் இருக்கிறார்கள்? மூன்றாம் வாரம் எழுந்து நின்று நல்ல வெயிலுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆண்கள் பக்கத்தில் யாரோ கொட்டாவி விட்டது எங்கள் பக்கம் வரை கேட்டது.

அண்ணன் தேட ஆரம்பித்தார். ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டிப் பார்ப்பார், தூசி இருக்காது. மூன்று மணிக்குத் தூங்கி எழுந்து இட்லி இருக்கா என்பார், ஆவி பறக்க வரும். முன்னறிவிப்பு இல்லாமல் ஷாப்பிலிருந்து நாலு பேரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். நாலு பேரும் ஏப்பம் விட்டபடி, கொடுத்து வைத்தவன்யா நீ என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அதற்கு அவர் முறைத்த முறைப்பை நான் வாசலில் நின்று பார்த்தேன். மனிதர் இளைத்தே போனார். விசேஷ சாட்சி நெருங்கிக்கொண்டிருந்தது, கையில் பழைய சரக்கு மட்டும்தான் இருந்தது. அதையெல்லாம் சபை மனப்பாடமாக வைத்திருந்தது.

ஆண்டு விழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்த சத்தம் கேட்டது.  அப்புறம் ஏழு வருடமாகக் கேட்காத அந்தக் குரல் கேட்டது.

“உனுக்கு மனசாட்சி கீதாடி? ரெண்டு மாசமா பாத்துகினு கீறேன். ஒரு தப்பு... ஒரே ஒரு தப்பு பண்ண மாட்டியா நீ?”

தட்டு சுவரில் மோதியது. எங்கள் பக்கக் காலண்டர் ஆடியது. வரிசை முழுக்க ஜன்னல்கள் திறந்தன. குழம்பு சரியாக இருந்ததற்காகத் தட்டை எறிந்த முதல் புருஷன் எங்கள் பால்ராஜ் அண்ணனாகத்தான் இருக்கவேண்டும்.

நான் ஈரக்கையோடு ஓடினேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணன் மூச்சு வாங்க நின்றார். வனஜா சுவரில் வழிந்த குழம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துத் துணியைப் பிழிந்தாள். அவர் பக்கம் திரும்பி, ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்:

“இத சொல்வீங்களா நாளைக்கு?”

அவர்  அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வனஜா என்னை வெளியே கூட்டிவந்தாள்.  “நாளைக்கு அவரு எந்திரிச்சு என்னப் பத்தி ஒரு வார்த்த சொன்னாருன்னா, நான் எந்திரிச்சு வந்துடுவேன் டீச்சர். அப்புறம் அந்தப் படி ஏற மாட்டேன். சாமிய ஊட்லயே கும்புட்டுக்கறேன்” என்றாள். அவளுக்கு இருந்த ஒரே வெளியிடம் அந்தச் சபைதான். அதையும் விடுவது என்றால் அவள் எவ்வளவு தூரம் வந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. நானும் கூடவே எழுந்து வந்துவிடுவதாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா போட்டு, மைக் செட் கட்டி, சபை திருவிழாவாக இருந்தது. பின்னால் லோகநாயகி அம்மாளின் தேக்சாவிலிருந்து புகை வந்தது. வனஜா வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்து, கதவுக்குப் பக்கத்தில் பாயின் கடைசி ஓரத்தில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். நானும் செருப்பை எளிதில் எடுக்கும்படி விட்டிருந்தேன்.

பாஸ்டர் ஆனந்தன் வேலூர்ப் பாஸ்டரிடம் பெருமையாக அறிமுகம் செய்ய, பால்ராஜ் அண்ணன் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“அடியேன்...” என்றார். நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். மறுபடி “அடியேன்...” என்றார். வனஜாவின் கை பையின் வாரை இறுக்கியது.

அப்புறம் அவர் பேசியது அந்த மைக்கில் ஒருபோதும் கேட்டிராத பட்டாபிராம் தமிழ்.

“நேத்து ஊட்ல கத்திட்டேன். தட்டத் தூக்கி அடிச்சேன். அவ ஒரு தப்பும் பண்ல. தப்பு பண்லன்னுதான் அடிச்சேன். ஏழு வருசமா அவ தப்பத்தான் உங்களாண்ட சொல்லிகினு இருந்தேன். என் தப்ப ஒண்ணுகூடச் சொல்லல.”

  பாஸ்டர் ஆனந்தன் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் விழித்தார்.  ஏழு வருடத்துக்குப் பிறகு அடிபம்பருகே நின்ற அந்த மனிதரை மறுபடி பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் அந்த நிமிடம் கரைந்துவிட்டது.

அப்போது வேலூர்ப் பாஸ்டர் உரக்க ‘ஸ்தோத்திரம்’ என்றார். சபைக்கு அனுமதி கிடைத்தது போலாயிற்று. ஆண்கள் பக்கம் ஒருமுறை, பெண்கள் பக்கம் ஒருமுறை, பிறகு ஷாமியானா முழுக்க எழுந்தது. ஃபோர்மேனின் மைத்துனர் கண்ணைத் துடைத்தார். அவ்வளவு பெரிய ஸ்தோத்திரம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

அண்ணன் நிமிர்ந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வளைந்திருந்த முதுகு நேரானது, கை மைக்கைப் பிடித்தது.

“இன்னும் சொல்ல வேண்டியது கீது” என்றார். ஸ்தோத்திரம் என்றது சபை. “இன்னும் எவ்வளவோ கீது. அடியேன்... அடியேன் எப்பேர்ப்பட்ட பாவி என்றால்...” ஸ்தோத்திரம். குரல் ஏறியது, ராகம் வந்துவிட்டது. “அடியேனைப் போலக் கொடிய கணவன் இந்த ஆவடியிலேயே இல்லை என்று சொல்லும்படிக்கு...”

கரைந்த எரிச்சல் எனக்கு மொத்தமாகத் திரும்பி வந்தது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று நான் பல்லைக் கடித்தேன். இனி ஏழு வருடம் அவர் பாவத்தைக் கேட்கவேண்டும்.

பக்கத்தில் பாய் அசைந்தது. வனஜா எழுந்துவிட்டாள். சொன்னபடி போகப்போகிறாள் என்று நானும் எழப்பார்த்தேன். அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அத்தனை தலைகளுக்கும் மேலாக அவரையே பார்த்துச் சொன்னாள். குரல் பெரிதில்லை, வீட்டில் இரண்டாம் தடவை சோறு போட வரும்போது பேசுகிற குரல்தான்.

“போதுங்க. உக்காருங்க.”

அந்தச் சபையில் ஒரு பெண் ஆண்கள் பக்கத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லார் தலையும் திரும்பியது. வேலூர்ப் பாஸ்டரின் வாயில் பாதி ஸ்தோத்திரம் நின்றது. பால்ராஜ் அண்ணன் அவளைப் பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது, அடுத்த வார்த்தை உள்ளே தயாராக நின்றதை நான் இங்கிருந்தே பார்த்தேன். கேட்க முந்நூறு பேர் காத்திருந்தார்கள். அவர் முகம் ஒருமுறை சிவந்து அடங்கியது.

அவர் மைக்கை விட்டார். ஆண்கள் பக்கம் போய்த் தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை, கையை நெஞ்சில் வைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. சொல்ல இருந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, அடுத்தவர் தலைக்குப் பின்னால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் சாட்சிக்கு எழுந்ததே இல்லை. எங்கள் சபையில் யாரும் அதைப் பொறுமை என்று சொல்லவில்லை. பால்ராஜ் பிரதருக்கு ஆவியின் அனல் தணிந்துபோய்விட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

வனஜா உட்கார்ந்தாள். கைப்பையை இப்போது மடியில் வைக்காமல் பக்கத்தில் பாயில் வைத்தாள்.